குட்டை மேஜையும் வலியே இல்லாத மாஸ்டரும்

ஒண்ணுமில்லைக்காரர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. கடையோ ஆபீசோ பட்டறையோ, வேலை நடக்கிற ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஓரமாக நில்லுங்கள். ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு நிமிரும்போது பாதி வழியில் ஒரு நொடி நிற்பார். முகம் ஒரு பக்கமாகக் கோணும். ஒரு கை தானாகப் போய் இடுப்பைப் பிடிக்கும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதே கை அப்படியே நகர்ந்து சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்யும். "என்னண்ணே, இடுப்பு வலியா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லையே" என்பார். அவ்வளவுதான், பிடித்துவிட்டீர்கள்.

இந்த ஒண்ணுமில்லையில் பல ரகம் உண்டு. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தீத்தடுப்பு விதிகளை அக்கறையாகப் படிக்கிறவர் ஒரு ரகம். அதே விதிகளைத்தான் நேற்றும் படித்தார், முந்தாநாளும் படித்தார். நாளைக்கே தீப்பிடித்தால் அந்தக் கட்டடத்தில் முறைப்படி தப்பிக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான், முழங்கால் ஒத்துழைத்தால். பில்லைக் கை எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோய், தலையைப் பின்னால் இழுத்து, "இப்பல்லாம் அச்சே சரியா விழுறதில்ல" என்று அச்சகத்தைத் திட்டுகிறவர் இன்னொரு ரகம். மிஷின் சத்தத்திலேயே காலமெல்லாம் கிடந்து காது மந்தமாகி, யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டி, நல்ல மனிதர் என்று பெயர் வாங்குகிறவர் மற்றொரு ரகம். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள், எல்லா ரகத்துக்கும் பதில் ஒன்றுதான். "உக்காந்து உக்காந்துதாங்க அலுத்துப் போச்சு." காலையிலிருந்து அவர் நின்றுகொண்டே இருந்ததை ஊரே பார்த்திருக்கும்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஆசாமியைப் பற்றி நம்மிடம் பழமொழியே இருக்கிறது. அவரும் இந்த இனம்தான். மீசையில் மண் ஒட்டியிருக்காது, உண்மை. பக்கத்தில் போய் மோந்து பார்த்தால் தைல வாசனை வரும்.

நான் ஏதோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்கா வீட்டுக்காரர். அத்தானைக் கேலி செய்வது மச்சானாகப் பிறந்தவனின் உரிமை என்பதால், யாரிடமும் அனுமதி கேட்காமல் மேலே போகிறேன்.

அத்தான் ஒரு யூனிபார்ம் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு, ஓட்டலுக்குச் சிவப்புச் சட்டை, காவலாளிகளுக்கு நீலக் கால்சட்டை என்று வருடம் முழுக்க வேலை நிற்காத இடம். நானும் அங்கேதான் இருக்கிறேன். பில் போடுவது, சரக்கு அனுப்புவது, காலையில் பட்டறையைத் திறப்பது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அத்தான் துணியை அடுக்கடுக்காக மேஜையில் விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மிஷினை வைத்து அறுத்தாரென்றால் அடுக்கின் மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. அவர் வெட்டிக் கொடுத்தால்தான் உள்ளே மிஷின்கள் ஓடும். ஒரு நாள் அவர் வரவில்லை என்றால் தையல்காரர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முதலாளியின் அப்பா, அவரே மரம் பார்த்து வாங்கி, அவரே நின்று அளவு சொல்லி, தனக்காகச் செய்துகொண்ட மேஜை. பெரியவர் நல்ல மனிதர், குள்ளமான மனிதர். அத்தானோ நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். பெரியவர் நிமிர்ந்து நின்று வேலை செய்த மேஜையில், அத்தான் மடங்கித்தான் வேலை செய்ய வேண்டும். ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தோள், கை, இடுப்பு என்று கால் இஞ்ச் பிசகாமல் அளவெடுத்து உடுப்பு வெட்டுகிற மனிதர், தனக்கும் மேஜைக்கும் அளவு பொருந்துகிறதா என்று ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. யாராவது சொன்னால், "பெரியவர் நின்ன மேஜை" என்பார். பெரியவர் நின்றார், சரி. அத்தான் எங்கே நிற்கிறார்? குனிகிறார்.

பட்டறையில் இப்படி என்றால், வீட்டுக் கதை வேறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மா" என்று ஒரு சத்தம் வரும். சுவரைப் பிடித்து உள்ளே வருவார். நாற்காலியில் உட்காருவதை ஓர் அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போடுவதைப் போல, யோசித்து, தயங்கி, மெதுவாகச் செய்வார். பிறகு வெந்நீர், பிறகு ஒத்தடம், பிறகு தைலம். அக்கா முதுகைத் தேய்க்கத் தேய்க்க, முதலாளியின் அப்பாவைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டுவார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு சிங்கம்போல நிமிர்ந்துவிடுவார். வந்தது பால்காரர் என்றாலும் நிமிர்வுதான்.

"ஏங்க, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? மேஜையக் கொஞ்சம் ஒசத்திப் போடச் சொல்லுங்க" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா ஒசத்திப் போடுவாரு."

"ஒசத்திப் போட மாட்டாரு. ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்னு சொல்லுவாரு."

இங்கே நான் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் பட்டறையில் ரெஸ்ட் என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. நூல் தீர்ந்துபோனால் கேட்கலாம், உடனே வரும். ஊசி கேட்கலாம். மிஷின் கொஞ்சம் கரகரவென்றால் அன்றைக்கே மெக்கானிக் வந்து, அதன் வயிற்றைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். உடம்புக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது பட்டறை வழக்கம். முன்பு காலர் தைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவர் கேட்டார். கால் மரத்துப் போகிறது, பெடல் பக்கம் ஒரு மணை போட்டுக் கொடுங்கள் என்றார். முதலாளி ரொம்ப அன்பாக, "உடம்பப் பாத்துக்கங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவைத்தார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. நன்றாகத் தைக்கிற கை, வீட்டில் வெறுமனே இருக்கிறது. ஒரு மணை போட்டிருந்தால் இன்னும் எத்தனையோ வருடம் ஓடியிருக்கும்.

அத்தானுக்கோ சின்ன மகள் நர்சிங் சேர்ந்திருந்த நேரம். அவள் படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்காரும்வரைக்குமாவது அவர் அந்த மேஜை முன்னால் நின்றாக வேண்டும். மனிதர் வீம்புக்காக மட்டும் ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். பயம்தான். பயத்துக்கு வீம்பு என்று ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "டேய், சாவி உங்கிட்டதானே இருக்கு?"

பட்டறையில் அக்காவுக்கு ஒரு தோழி. கோட்டுகளுக்குக் கையால் காஜா எடுத்து, பட்டன் தைக்கிறவர். எல்லாருக்கும் அவர் காஜாக்கா. அத்தான் குனிவதைப் பார்த்துப் பார்த்துத் தனக்கே முதுகு வலிக்கிறது என்று அக்காவிடம் முதலில் சொன்னது அவர்தான். இஸ்திரி போடும் அண்ணனையும் சேர்த்துக்கொண்டோம். சதி இதுதான்: விடுமுறை நாளில் நான் பட்டறையைத் திறப்பேன், இஸ்திரி அண்ணன் மேஜையின் ஒரு மூலையைத் தூக்குவார், துணி சுற்றி வருகிற தட்டையான மரப்பலகை ஒன்றை காஜாக்கா அந்தக் காலுக்கு அடியில் தள்ளுவார், இப்படியே நாலு மூலையும். ஒரே நாளில் உயர்த்தினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒவ்வொரு பலகை. மேஜைக்கு அடியில் வெட்டிப் போட்ட துண்டுத் துணி எப்போதும் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் என்பதால் கால்களை யாரும் பார்க்க முடியாது. பார்க்கக் குனிய வேண்டும். அத்தான் தேவையில்லாமல் குனிகிற நிலைமையில் இல்லை.

முதல் பலகையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதற்குப் பிறகு அத்தான் மேஜை முன்னால் நின்று, தன் கால்களை ஒரு மாதிரி பார்த்தார். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மாப்ள, செருப்பு தேஞ்சு போச்சு போலிருக்கு. நான் தாழ்ந்த மாதிரி இருக்கு."

மேஜை உயர்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தான் தேய்ந்திருப்போம் என்றுதான் தோன்றியது. அன்று சாயங்காலமே போய், தடிமனான அடி வைத்த புதுச் செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கஷ்டப்பட்டு ஏற்றியதில் பாதி போயிற்று. இஸ்திரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் இரண்டு பலகையாகச் சேர்த்துத் தள்ளினார்.

முதுகு சரியாக ஆரம்பித்தது. சாயங்காலம் வாசலில் வந்த "அம்மா" குறைந்தது. சுவரைப் பிடிக்காமல் உள்ளே வந்தார். மகளோடு மாடிக்கு ஏறி, துணி உலர்த்தும் கயிறு கட்டிக் கொடுத்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒண்ணுமில்லைக்காரருக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

உபதேசம் ஆரம்பித்தது. முதலில் தைலத்தின் மகிமை. அப்புறம் காலையில் எழுந்து மூச்சை இழுத்து விடுவதன் மகிமை. கடைசியில் தைலமும் மூச்சும்கூடத் தேவையில்லை, எல்லாம் மனசு என்று வந்து நின்றார். டீ குடிக்கிற நேரத்தில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, "வலின்னு நெனச்சாத்தான் வலி. நான் நெனைக்கிறதில்ல" என்பார். தையல்காரர் ஒருவர் கழுத்தைச் சொடுக்கெடுத்தால், "பாத்தியா, நெனச்சுட்ட" என்பார். மிஷின் ஓட்டுகிற பெண்கள் அவர் வருவதைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நினைக்காமல் இருப்பதுபோல் நடித்தார்கள். பலகை தள்ளிய கையை மடியில் வைத்துக்கொண்டு காஜாக்காவும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பை அடக்க வாயில் நூலைக் கடித்துக்கொள்வார்.

அந்தச் சிரிப்பும் ரொம்ப நாள் நிற்கவில்லை. காஜாக்கா உட்காருவது முதுகுச் சாய்வில்லாத ஒரு முக்காலி. விளக்கு அவருக்குப் பின்னால், உயரத்தில். அவருடைய தலை நிழலே அவருடைய ஊசிமேல் விழும். நிழலை விலக்கக் குனிவார். குனிந்தால் நிழல் இன்னும் பெரிதாகும். காஜா ஒன்றிரண்டு கோணலாக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கோட்டுகள் சில திரும்பி வந்தன. வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் சம்பளம். கணவருக்கு வேலை இல்லை, மகன் இன்னும் படிக்கிறான். என்ன தைரியத்தில் கேட்டாரோ தெரியாது, முதலாளி அறைக்குள் போய், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் முன்பக்கம் ஒரு விளக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டார். நான் பில் கட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்படுவதில்லை.

"மாஸ்டரப் பாருங்கம்மா. உங்களவிட வயசு கூட. நாள் பூரா நின்னுதான் வேலை பாக்குறாரு. இத்தன வருஷத்துல அது வேணும் இது வேணும்னு வாயத் தொறந்திருக்காரா? இப்ப முன்னவிடத் தெம்பா இருக்காரு. எல்லாம் மனசுன்னு அவரே சொல்றாரே."

"எனக்குக் கண்ணு தெரியலீங்க. வெளக்கு முன்னால இருந்தா…"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். முடியலன்னா சொல்லுங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

அந்தப் பழமொழியை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காஜாக்கா வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். முதல் முறை கோக்க வரவில்லை. எனக்கு முதலாளிமேல் வந்த கோபத்தைவிட அத்தான்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

"பலகை வெச்சத முதலாளிகிட்ட சொல்லிரட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம். மாஸ்டருக்கு வேலை போயிரும். மகள் படிக்குதில்ல" என்றார் காஜாக்கா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் அக்கா வீட்டில். அத்தான் ஒரு பெருமிதத்தோடு ஆரம்பித்தார். "இன்னிக்கு முதலாளி என்னப் பத்தி என்ன சொன்னாருன்னு கேட்டியா மாப்ள? அந்தம்மாகிட்ட என்னைத்தான் உதாரணமா காட்டினாராம்."

அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "காட்டிட்டு என்ன சொன்னாரு?"

"நாற்காலி இல்லன்னுட்டாரு. இந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு சின்ன வலியத் தாங்கத் தெரியல."

"உங்க முதுகு மனசால சரியாகலீங்க. மேஜைக்கு அடியில பலகை வெச்சு ஒசத்தியிருக்கு. வெச்சது யாரு தெரியுமா? அந்தம்மாதான்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு. இது, ஆள் ஏதோ முட்டாள்தனம் செய்யப் போகிறார் என்கிற வகை.

மறுநாள் காலை நான் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தார். மேஜைக்கு அடியில் இருந்த துண்டுத் துணிகளை இரண்டு கையாலும் விலக்கினார். பார்த்தார். உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள் இந்த இடத்தில் என்ன செய்வோம்? வெட்கப்படுவோம், நன்றி சொல்வோம், காஜாக்காவிடம் மன்னிப்புக் கேட்போம். அத்தான் இஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டு, "தூக்குங்க" என்றார். அவர் மூலை மூலையாகத் தூக்க, இவர் எல்லாப் பலகையையும் உருவி வெளியே எறிந்தார்.

"எனக்கு யாரும் முட்டுக் குடுக்க வேணாம். மனசால சரியான முதுகு மனசாலயே நிக்கும்."

இஸ்திரி அண்ணன் என்னைப் பார்த்து, "நிக்கும் நிக்கும்" என்றார்.

அன்றைக்கென்று கனமான காவலாளித் துணி. அத்தான் விரித்தார், கோடு போட்டார், அறுத்தார். உயரமான மேஜைக்குப் பழகிவிட்ட உடம்பு, பழைய மேஜைக்குக் குனிய மறுத்தது. மறுக்க மறுக்கக் குனியவைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது அவர் எழவில்லை, அதாவது நிமிரவில்லை. மேஜைமேல் கவிழ்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, துணியை உற்றுப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் எதையும் பார்க்கவில்லை, மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த மேட்ரன் அம்மா.

"என்ன மாஸ்டர், எதையோ தேடுறீங்க?"

அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"ஊசி. ஊசி ஒண்ணு விழுந்துருச்சு."

ஆஸ்பத்திரித் துணி இருக்கிற இடத்தில் ஊசி தொலைவது என்றால் எங்கள் பட்டறையில் விளையாட்டில்லை. ஒரு நோயாளியின் உடுப்பில் போய்விட்டால் என்ன ஆவது? முதலாளி முகம் வெளுத்துவிட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவர்கள் அப்படியே மூடிவிட்டு ஓடிவந்தார்கள். தையல்காரர்கள் துணியை உதறினார்கள். இஸ்திரி அண்ணன் காந்தக்கட்டையை எடுத்துவந்து தரையெல்லாம் உருட்டினார். மேட்ரன் அம்மாகூடப் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாகத் தேடினார். ஆள் ஆளுக்கு, "என்ன சைஸ் ஊசி மாஸ்டர்?" என்று கேட்டார்கள். அத்தான் குனிந்த தலை நிமிராமல், விழாத ஊசிக்குச் சைஸ் சொன்னார்.

நான் மேஜை ஓரமாகப் போய்க் குனிந்து, அவர் காதருகே, "போதும் அத்தான்" என்றேன். "ஒண்ணுமில்ல மாப்ள, இப்ப சரியாயிரும்" என்றார்.

கீழே காஜாக்கா முழங்கால் போட்டு வந்துகொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாததால் அவர் பார்வையால் தேடவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்து, துண்டுத் துணிகளுக்குள் விரலை விட்டு, தடவித் தடவிக் குத்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, அத்தானுடைய காலடிக்கே வந்துவிட்டார். குனிந்தே நின்ற அத்தான் முகத்துக்கு நேர் கீழே அவர் முகம்.

"மாஸ்டர், கால எடுக்காதீங்க. குத்திரப் போகுது. நான் எடுத்துர்றேன்" என்றார் காஜாக்கா.

அத்தான் அழுததை நான் என் அக்கா கல்யாணத்திலிருந்து அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கண்ணிலிருந்து விழுந்தது நேராக அந்தத் துணி அடுக்கின்மேல் விழுந்தது. குனிந்திருப்பவருக்கு அதைத் துடைத்து மறைக்கவும் வசதி இல்லை.

"எழுந்திருங்கம்மா" என்றார். "ஊசி இல்ல. எதுவும் விழல. எனக்கு முதுகு புடிச்சிருக்கு. நிமிர முடியல."

இஸ்திரி அண்ணன் காந்தக்கட்டையைக் கீழே வைத்தார். அத்தான் தலையைத் தூக்க முடியாததால் மேஜையைப் பார்த்தே முதலாளியிடம் பேசினார்.

"இந்த மேஜை எனக்குக் குட்டைங்க. ரொம்ப வருஷமாவே வலி. நடுவுல சரியாப் போனது மனசால இல்ல; இவங்கெல்லாம் சேந்து அடியில பலகை வெச்சாங்க. அதக் காலைல நான்தான் உருவிப் போட்டேன். என்னக் காட்டி இந்தம்மாவுக்கு நாற்காலி இல்லன்னு சொன்னீங்களாமே. நான் நல்லா இருந்ததே இவங்க கையாலதான்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது சொல்கிற சொல் ஒன்று முதலாளியிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

"சரி சரி மாஸ்டர், மொதல்ல உடம்பப் பாருங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட்…"

"ரெஸ்ட் வேணாங்க. பலகை வேணும்."

மேட்ரன் அம்மா புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். "எங்க வார்டுல கட்டிலோட உயரத்தச் சரி பண்ணதுக்கப்புறம் நர்சுங்க லீவு போடுறதே பாதியாக் கொறஞ்சு போச்சு. நீங்க இவர அனுப்பிட்டா என் ஆர்டர யாரு வெட்டுவாங்க?" என்று கேட்டார்.

முதலாளி ஒரே நாளில் மனம் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. ஆர்டர் போய்விடும் என்ற பயம் அவருக்கு. ஆனால் மேஜைக்கு அடியில் மரக்கட்டைகள் வந்தன, இந்த முறை பகலில், எல்லாரும் பார்க்க, தச்சர் கையால். காஜாக்காவுக்கு முன்பக்கம் விளக்கு வந்தது. நாற்காலியும் வந்தது. அது முதலாளியின் அறையில் இருந்த பழைய நாற்காலி. அவருக்கு ஏற்கெனவே புதுசு ஒன்று வந்திருந்தது, முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லி வாங்கியதாம். கேட்டீர்களா கதையை? ஊருக்கெல்லாம் மனசு, அவருக்கு மட்டும் டாக்டர்.

அத்தான் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வேலைக்கு வந்தார். வந்தவர் திருந்திவிட்டாரா என்றால், பாதிதான். தெருவில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் பழைய வாய் பழையபடி "எனக்கென்ன" என்று ஆரம்பிக்கிறது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "முதுகுதான் கொஞ்சம்" என்று அரை மனசோடு முடிக்கிறது. பக்கத்துப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் குட்டை மேஜையில் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே உள்ளே போய் மேஜைக்கு அளவெடுத்துச் சண்டை வாங்கிக்கொண்டு வந்ததாகவும் கேள்வி. மகள் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது. காஜாக்காவின் காஜா நேராகிவிட்டது.

இதுவரை படித்துவிட்டு, "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருக்காரு, அச்சு அசல் இவரேதான்" என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். இந்த இனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: அடுத்தவரை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், தன்னை மட்டும் கண்டுகொள்ளாது. நீங்கள் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வெளிச்சம் போதாத மூலையில் வேலை பார்த்தும் நீங்கள் முணுமுணுத்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறீர்கள், லீவு கேட்டதில்லை. உங்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் பெருமையாகப் பேசுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. சந்தோஷம். அந்தப் பெருமையைச் சொல்லி அவர்கள் யாருக்கு எதை இல்லை என்றார்கள் என்று மட்டும் ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். அந்த ஆளைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். உங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.